பெட்டியைப் பேசவிடாத பிரிக்ஸ்

குழந்தைகளே, முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டில் காலி பிஸ்கட் டின் இருந்தால் எடுத்து வாருங்கள். விரல் முட்டியால் அதன் பக்கத்தில் தட்டுங்கள். டங் என்று ஓசை வரும். கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அது அடங்காது. இப்போது டின் நிறையக் காய்ந்த மணலைக் கொட்டி, மூடியை இறுக மூடுங்கள். அதே இடத்தில், அதே வேகத்தில் மறுபடியும் தட்டுங்கள். டொக்! அவ்வளவுதான். ஓசை பிறந்த இடத்திலேயே அடங்கிவிடும்.

இது என்ன பெரிய விஷயம் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? இந்த மணலை வைத்தே ஒருவர் உலகப் புகழ் பெற்ற ஒலிபெருக்கிகளைச் செய்தார். அவர் என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர் இல்லை. துணி வியாபாரத்தில் இருந்தவர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ஒலிபெருக்கி செய்யவே உட்கார்ந்தார். கில்பர்ட் பிரிக்ஸ் என்பது அவர் பெயர். இன்று ஸ்பீக்கர் என்று நாம் சொல்கிற பொருளை வீட்டிலேயே நன்றாகச் செய்ய முடியும் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

பிரிக்ஸ் 1890-ம் ஆண்டு டிசம்பர் மாதம் இங்கிலாந்தில் பிறந்தார். யார்க்‌ஷயர் பகுதியில், பிராட்ஃபோர்டு நகரத்தை ஒட்டிய கிளேட்டன் என்ற இடம் அவருடைய ஊர். பிராட்ஃபோர்டு கம்பளித் துணிக்குப் பெயர் பெற்ற நகரம். அந்த ஊர்ப் பிள்ளைகள் பலரைப் போலவே அவரும் வளர்ந்ததும் துணித் தொழிலுக்குப் போனார். வாங்குவது, விற்பது, கணக்குப் பார்ப்பது என்று ஆண்டுகள் ஓடின.

அவருக்குப் பியானோ என்றால் உயிர். பியானோவின் ஒவ்வொரு கட்டையும் எப்படி ஒலிக்கும் என்று அவருடைய காது அறிந்து வைத்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தக் காதுதான் காரணம்.

1922-ம் ஆண்டு இங்கிலாந்தில் பி.பி.சி. வானொலி தொடங்கியது. வீட்டில் உட்கார்ந்தபடியே லண்டனில் நடக்கும் கச்சேரியைக் கேட்கலாம் என்பது அந்தக் கால மக்களுக்குப் பெரிய அதிசயம். ஆனால், கேட்ட ஓசை எப்படி இருந்தது தெரியுமா? முதலில் காதில் மாட்டும் கருவியில்தான் கேட்டார்கள். பிறகு ஊமத்தம்பூ மாதிரி விரிந்த குழாய் வந்தது. அதில் பேச்சு ஓரளவு புரியும். பாட்டு, தகரத்துக்குள் இருந்து பாடுவது போல் கேட்கும். பியானோவா, வேறு ஏதாவதா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

1925-ம் ஆண்டு அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு பேர் ஒரு புதிய வகை ஒலிபெருக்கியைப் பற்றி அறிவித்தார்கள். இன்று உங்கள் வீட்டு டி.வி.யில் இருப்பதும், அப்பாவின் செல்போனில் இருப்பதும் பெரும்பாலும் அதன் வாரிசுகள்தான். அது வேலை செய்யும் விதம் மிக எளிமையானது. ஒரு காகிதக் கூம்பு. அதன் அடியில் மெல்லிய கம்பியைச் சுற்றிய சுருள். அந்தச் சுருளைச் சுற்றி ஒரு காந்தம். கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் சுருளும் காந்தமாக மாறும். பக்கத்துக் காந்தம் அதை இழுக்கும் அல்லது தள்ளும். சுருள் ஆடினால் கூம்பு ஆடும். கூம்பு ஆடினால் காற்று ஆடும். காற்று ஆடினால் உங்கள் செவிப்பறை ஆடும். பாட்டுக் கேட்கும்!

1930 வாக்கில் உலகம் முழுவதும் வியாபாரம் படுத்துவிட்டது. பிராட்ஃபோர்டு கம்பளி வியாபாரமும் தப்பவில்லை. நாற்பது வயதில், குடும்பத்தை வைத்துக்கொண்டு, தொழில் எப்போது கையை விட்டுப் போகுமோ என்று இருப்பது எவ்வளவு கஷ்டம்! உங்கள் வயதில் அது முழுதாகப் புரியாது. ஆனால், வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பணத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதை நீங்கள் ஒருநாளாவது கேட்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட நாட்கள் அவை.

பிரிக்ஸ் அப்போது இல்க்லி என்ற ஊரில் குடியிருந்தார். அந்த வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை உண்டு. குளிர் நாடுகளில் நிலக்கரியும் பழைய சாமான்களும் போட்டுவைக்க இப்படி வீட்டுக்குக் கீழே ஓர் அறை கட்டுவார்கள். 1932-ம் ஆண்டு அந்த நிலவறையில்தான் அவர் தம்முடைய முதல் ஒலிபெருக்கியைச் செய்தார். மனைவியும் வேலையில் கைகொடுத்தார். இல்க்லி ஊர் வார்ஃப் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஆங்கிலத்தில் டேல் என்றால் பள்ளத்தாக்கு. வார்ஃப்டேல் என்ற பெயரையே தம் தொழிலுக்கும் வைத்துவிட்டார் பிரிக்ஸ். ஊர்ப் பெயர் உலகப் பெயராகும் என்று அன்று நினைத்திருப்பாரா, தெரியவில்லை.

அடுத்த ஆண்டே பிராட்ஃபோர்டில் ஒரு சிறிய பட்டறையைப் பிடித்தார். பிராட்ஃபோர்டு வானொலிச் சங்கம் ஆண்டுதோறும் ஒலிபெருக்கிப் போட்டி நடத்துவது வழக்கம். பிரிக்ஸ் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கொண்டுபோய் வைத்தார். ஒன்றுக்கு முதல் பரிசு, மற்றொன்றுக்கு இரண்டாம் பரிசு! துணி வியாபாரி செய்த ஸ்பீக்கர் என்று யாரும் இனி சிரிக்க முடியாது. பெரிய ஆர்டர் ஒன்றும் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-ல் வார்ஃப்டேல் ஆண்டுக்கு சுமார் 9,000 ஒலிபெருக்கிகளை விற்றுக்கொண்டிருந்தது.

துணி அவரை முழுதாக விட்டுவிடவும் இல்லை. காகிதக் கூம்பின் விளிம்பை இரும்புச் சட்டத்தோடு சேர்க்க வேண்டும். இறுக்கமாகச் சேர்த்தால் கூம்பு தாராளமாக ஆடாது. அவர் தயாரித்த சில ஒலிபெருக்கிகளில் அந்த விளிம்பைத் துணியால் செய்திருந்தார். கூம்பு மெத்தையில் உட்கார்ந்தது போல் மெதுவாக ஆடும். துணியின் குணம் தெரிந்தவருக்கு இது தோன்றியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இனிமேல்தான் கதையின் முக்கியமான இடம். ஒலிபெருக்கியை மட்டும் தனியாக மேஜையில் வைத்துப் பாட்டுப் போட்டால் எப்படிக் கேட்கும்? கீச்சு ஓசைகள் கேட்கும். டிரம்மின் தும், தும் என்ற கனத்த ஓசை மட்டும் காணாமல் போய்விடும். ஏன்?

கூம்பு முன்னால் வரும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. பின்பக்கத்து அலை விளிம்பைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டால், ஐந்தும் மைனஸ் ஐந்தும் சேர்ந்தால் பூஜ்யம் ஆகிறதே, அதே கதைதான். கனத்த ஓசைகள் இப்படி ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் சந்திக்காமல் தடுக்க வேண்டும். அதற்காகத்தான் ஒலிபெருக்கியை அகலமான பலகையிலோ பெட்டியிலோ பொருத்துகிறார்கள். பெட்டி வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தீர்களா? அது இல்லாமல் பாதிப் பாட்டு கிடையாது.

ஆனால், பெட்டி வந்ததும் புதிய தொல்லையும் வந்தது. வகுப்பில் நான் இசைக்கவையைத் தட்டிக் காட்டும்போது, கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கேட்காது. அதன் காம்பை மேஜைப் பலகையில் ஊன்றினால் வகுப்பு முழுக்கக் கேட்கும். இசைக்கவை ஆட்டி வைக்க, மேஜையும் சேர்ந்து ஆடுவதால் வருகிற ஓசை அது. ஸ்பீக்கர் பெட்டியும் இப்படித்தான். உள்ளே கூம்பு ஆட ஆட, மரப்பலகையும் ஆடத் தொடங்கிவிடும். ஒவ்வொரு பலகைக்கும் தனக்கென்று பிடித்தமான அதிர்வெண் ஒன்று உண்டு. பாட்டில் அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் பலகையும் எழுந்து கூடவே பாடும். இதைத்தான் உங்கள் அறிவியல் பாடத்தில் ஒத்ததிர்வு என்று படிக்கிறீர்கள்.

பலகை பாடினால் நல்லதுதானே என்று கேட்கலாம். வீணைக்கு நல்லது! வீணையின் குடம் அதிர்ந்தால்தான் நாதம். அந்தக் குடத்தின் குரல்தான் வீணையின் குரல். ஸ்பீக்கர் பெட்டிக்கோ சொந்தக் குரலே இருக்கக் கூடாது. அது வீணையாகவும் ஒலிக்க வேண்டும், புல்லாங்குழலாகவும் ஒலிக்க வேண்டும், உங்கள் பாட்டியின் குரலாகவும் ஒலிக்க வேண்டும். இடையில் பெட்டி வாயைத் திறந்தால் எல்லாக் குரலிலும் அதன் குரல் கலந்துவிடும். பியானோக் காது கொண்ட பிரிக்ஸால் இதைப் பொறுக்க முடியவில்லை.

அவர் என்னென்ன செய்து பார்த்தார் தெரியுமா? வீட்டு அறையின் மூலையில் செங்கல்லை வைத்து ஒலிபெருக்கிக்கு ஓர் அடைப்பையே கட்டிவிட்டார்! இரண்டு பக்கம் வீட்டுச் சுவர், மூன்றாவது பக்கம் செங்கல் சுவர். செங்கல் லேசில் அதிருமா? அற்புதமாக வேலை செய்தது. ஆனால் வீடு மாறினால் ஸ்பீக்கரை எப்படி எடுத்துப் போவது? கான்கிரீட்டிலும் செய்யலாம்; அதைத் தூக்க நாலு ஆள் வேண்டும்.

கடைசியில் கிடைத்த வழிதான் மணல். இரண்டு மெல்லிய பிளைவுட் பலகைகளைச் சிறு இடைவெளி விட்டுச் சேர்ப்பது. அந்த இடைவெளியில் நன்றாகக் காய்ந்த மணலை மேல்வரை நிரப்பி மூடிவிடுவது. பலகை ஆட முயன்றால் உள்ளே கோடிக்கணக்கான மணல் துகள்கள் ஒன்றோடு ஒன்று உரசும். உரசினால் என்ன ஆகும்? உள்ளங்கைகளைத் தேய்த்துப் பாருங்கள், சூடாகிறது அல்லவா? அதேபோல் அதிர்வின் ஆற்றல் துளி வெப்பமாக மாறித் தீர்ந்துபோகிறது. மணல் ஈரமாக இருந்தால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், பிளைவுட்டும் உப்பிவிடும். அதனால்தான் காய்ந்த மணல். செலவு எவ்வளவு? மணலுக்கு என்ன பெரிய விலை!

இன்னொரு கஷ்டத்தையும் அவர் தீர்க்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு கூம்பால் எல்லா ஓசைகளையும் நன்றாக எழுப்ப முடியாது. மனிதக் காது விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கும். கனத்த ஓசைக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய கூம்பு வேண்டும். கீச்சு ஓசைக்கு விநாடிக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் ஆட வேண்டும்; பெரிய கூம்பின் எடைக்கு அந்த வேகம் வராது. தெருக்கதவை அவ்வளவு வேகமாக ஆட்ட முடியுமா? சின்னக் கூம்புதான் சரி. ஆகவே இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்து, கனத்த ஓசையைப் பெரியதற்கும் கீச்சு ஓசையைச் சிறியதற்கும் பிரித்து அனுப்பினார்கள். நாற்சந்தியில் நிற்கும் போக்குவரத்துப் போலீஸ்காரர் போல ஓசைகளைப் பிரிக்கும் மின்சுற்றுக்குக் கிராஸ் ஓவர் என்று பெயர். போர் முடிந்த 1945-ம் ஆண்டு வார்ஃப்டேல் இப்படிப்பட்ட இரட்டை ஒலிபெருக்கியைச் செய்தது. பெரியதை ஊஃபர் என்றும் சிறியதை ட்வீட்டர் என்றும் இன்று சொல்கிறோம். ஊஃப் என்பது நாய் குரைப்பது, ட்வீட் என்பது குருவி கத்துவது. பெயர் வைத்தவர்களுக்கு நல்ல காது!

போர் முடிந்தாலும் இங்கிலாந்தில் தட்டுப்பாடு முடியவில்லை. ரொட்டிக்குக்கூட ரேஷன். மரத்துக்கும் கட்டுப்பாடு. கடையில் போய் அழகான ஸ்பீக்கர் பெட்டி வாங்குவது எல்லோராலும் முடியாது. ஒலிபெருக்கியை மட்டும் வாங்கி வந்து, பெட்டியை வீட்டிலேயே தட்டிச் சேர்க்கிற ஆர்வக்காரர்கள் ஏராளமாக இருந்தார்கள். அளவு என்ன, ஓட்டை எவ்வளவு, எந்த மரம், எங்கே வைப்பது என்று பிரிக்ஸைக் கேட்பவர்கள் அதிகமானார்கள்.

1948-ம் ஆண்டு அவர் ஒலிபெருக்கிகளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதி, தாமே வெளியிட்டார். நன்றாக யோசியுங்கள். ஒரு வியாபாரி தம் தொழில் ரகசியத்தை எழுதி விற்பாரா? செங்கல் அடைப்பு எப்படிக் கட்டுவது, மணல் பலகை எப்படிச் செய்வது என்று எல்லாம் சொல்லிவிட்டால் பிறகு யார் அவரிடம் பெட்டி வாங்குவார்கள்? பிரிக்ஸ் அப்படிக் கணக்குப் போடவில்லை. தாம் கணக்கும் இயற்பியலும் பெரிதாகப் படிக்காதவர் என்பதால், படிக்காதவர்களுக்கு எந்த இடத்தில் புரியாது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நடுநடுவே நகைச்சுவையும் சேர்த்து எழுதினார். விஷயம் தெரிந்தவர்களிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். புத்தகம் பறந்தது. 1958-க்குள் ஐந்து பதிப்புகள்! நல்ல பாட நூல் எழுதுவது எவ்வளவு சிரமம் என்று அறிந்தவன் நான். இந்த விஷயத்தில் பிரிக்ஸுக்கு என் தனி வணக்கம்.

அதற்குப் பிறகும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பியானோவைப் பற்றி ஒன்று, ஆம்ப்ளிபயர் பற்றி ஒன்று, ஸ்டீரியோ பற்றி ஒன்று, பெட்டிகளைப் பற்றியே தனியாக ஒன்று, மனிதக் காதைப் பற்றி ஒன்று என்று எழுதிக்கொண்டே இருந்தார். புதிர்களும் ஜோக்குகளும் சேர்ந்த ஒரு புத்தகம்கூட உண்டு.

மணல் பலகையை வைத்து 1950-களில் வார்ஃப்டேல் செய்த ஒலிபெருக்கி ஒன்றைச் சொல்கிறேன். தரையில் நிற்கும் தட்டி போல இருக்கும். பின்பக்கம் மூடியே கிடையாது. அகலமான மணல் பலகையே முன் அலையையும் பின் அலையையும் பிரித்து வைக்கும். அதில் 12 அங்குலத்தில் ஒன்று, 10 அங்குலத்தில் ஒன்று, 3 அங்குலத்தில் ஒன்று என மூன்று ஒலிபெருக்கிகள். இதில் ஒரு வேடிக்கை, மூன்று அங்குலக் குட்டி உங்களைப் பார்க்காது; கூரையைப் பார்த்து மல்லாந்திருக்கும். கீச்சு ஓசைகள் காதில் ஊசி போல் குத்தாமல் அறை முழுவதும் பரவட்டும் என்று இந்த ஏற்பாடு.

எல்லாம் சரி, இந்த ஸ்பீக்கர் நிஜமான வாத்தியம் போலவே ஒலிக்கிறதா? விற்பவர்கள் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதை எப்படிச் சோதிப்பது? பிரிக்ஸ் துணிச்சலான ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தார்.

லண்டனில் தேம்ஸ் நதிக் கரையில் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் என்ற இசை மண்டபம் இருக்கிறது. 1951-ல் திறக்கப்பட்டது. சுமார் 3,000 பேர் உட்காரலாம். 1954-ம் ஆண்டு நவம்பர் மாதம் அந்த மண்டபத்தை அவர் வாடகைக்கு எடுத்தார். மேடையில் கலைஞர்கள் நேரில் வாசிப்பார்கள். அடுத்து ஒலிப்பதிவு ஸ்பீக்கர் வழியாக ஒலிக்கும். இரண்டையும் ஒரே மண்டபத்தில், ஒரே நாளில், கட்டணம் செலுத்தி வந்தவர்கள் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம். டிக்கெட்டுகள் சில நாட்களிலேயே தீர்ந்துவிட்டன.

இதில் எவ்வளவு ஆபத்து பாருங்கள்! வீட்டு அறைக்காகச் செய்த ஒலிபெருக்கிகள் அவை. அவற்றை 3,000 பேர் அமரும் மண்டபத்தில் வைக்கிறார். பக்கத்திலேயே நிஜப் பியானோ இருக்கிறது. மண்டபத்தில் பெரிய ஆர்கன் இருக்கிறது. ஆர்கன் என்பது காற்றை ஊதி ஆயிரக்கணக்கான குழாய்களை ஒலிக்க வைக்கும் வாத்தியம். அதன் கனத்த ஸ்வரம் நெஞ்சையே அதிர வைக்கும். அதற்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் தகர டப்பா போல் ஒலித்திருந்தால்? கூட்டம் ஒரே ஒரு தடவை சிரித்திருந்தால் போதும். மறுநாள் பத்திரிகைகளில் வந்துவிடும். நிலவறையில் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் சேர்த்த நல்ல பெயர் ஒரே நாளில் போய்விடும். அப்போது அவருக்கு வயது 63.

அந்த நிகழ்ச்சிக்குத் துணை நின்றவர் பீட்டர் வாக்கர் என்ற என்ஜினீயர். குவாட் என்ற புகழ்பெற்ற ஆம்ப்ளிபயரை உருவாக்கியவர் அவர். அந்த ஆம்ப்ளிபயர் ஒவ்வொன்றின் திறனும் 15 வாட்தான்! இன்று மேடைக் கச்சேரிகளில் பல ஆயிரம் வாட் வைக்கிறார்கள். அப்படியும் காது வலிக்கிறதே தவிரப் பாட்டுப் புரிவதில்லை என்பது என்னுடைய தனிப்பட்ட புலம்பல். அதை விடுங்கள்.

நிகழ்ச்சி நல்லபடியாக நடந்தது. நடந்தது மட்டுமா, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே மண்டபத்தில் தொடர்ந்தது. 1955-ம் ஆண்டு அக்டோபரில் பிரிக்ஸ் அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூயார்க் போனார். அங்குள்ள கார்னகி ஹால், உலகத்தின் பெரிய இசைக் கலைஞர்கள் எல்லாம் வாசித்த மேடை. யார்க்‌ஷயரின் முன்னாள் துணி வியாபாரி அந்த மேடையில் ஏறித் தம் ஒலிபெருக்கிகளைப் பேச வைத்தார்.

1958-ம் ஆண்டு ராங்க் என்ற பெரிய நிறுவனம் வார்ஃப்டேலை வாங்கிக்கொண்டது. பிரிக்ஸ் 1965 வரை வேலையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றார். 1978-ம் ஆண்டு ஜனவரியில், 87 வயதில் காலமானார். வார்ஃப்டேல் என்ற பெயரில் ஸ்பீக்கர்கள் இன்றும் விற்கப்படுகின்றன.

அவரிடம் வேலை பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. ரேமண்ட் குக் என்பவர் வார்ஃப்டேலில் தொழில்நுட்ப இயக்குநராக இருந்தார். பிரிக்ஸின் புத்தகங்களைச் சரிபார்ப்பதிலும் உதவியவர். 1961-ம் ஆண்டு அவர் வெளியே வந்து, கென்ட் பகுதியில் கெஃப் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். காகிதத்துக்குப் பதில் பிளாஸ்டிக் கூம்பு போன்ற புதிய பொருள்களைப் பயன்படுத்திப் பார்ப்பதில் அவருக்கு ஆர்வம்.

ஊஃபர் கீழே, ட்வீட்டர் மேலே என்று தனித்தனியாக வைப்பதில் ஒரு குறை உண்டு. ஒரே பாடகரின் குரல் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. நீங்கள் எழுந்து நின்றால் ஒன்று உங்கள் காதுக்குக் கொஞ்சம் கிட்டே, மற்றது கொஞ்சம் தூரம். இரண்டு அலைகளும் சில ஸ்வரங்களில் மோதிக்கொள்ளும். ட்வீட்டரைப் பெரிய கூம்பின் நடுவயிற்றில் வைத்துவிட்டால்? பூவின் நடுவில் மகரந்தம் இருப்பது போல! டேனாய் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1947-லேயே இந்த வகையைச் செய்தது. காந்தம் பெரியதாக இருந்ததால், நடுவில் இடம் பிடிப்பது அப்போதெல்லாம் பெரும்பாடு. 1980-களில் நியோடிமியம் என்ற உலோகம் சேர்ந்த காந்தம் வந்தது. அளவு சிறியது, இழுக்கும் சக்தி மிகப் பெரியது. அதை வைத்துக் குட்டி ட்வீட்டரைக் கூம்பின் கழுத்திலேயே உட்கார வைத்தது குக்கின் நிறுவனம். 1988-ல் அது விற்பனைக்கு வந்தது.

அதே நிறுவனம் 2011-ம் ஆண்டு பிளேடு என்று ஓர் ஒலிபெருக்கியை வெளியிட்டது. தரையில் நிற்கும், உங்களைவிட உயரமாக இருக்கும். முன்பக்கம் பார்த்தால் நடுவயிற்றில் ட்வீட்டர் வைத்த ஒரே ஒரு கூம்புதான் தெரியும். ஊஃபர்கள் எங்கே? பக்கவாட்டில்! இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, ஒவ்வொன்றும் 9 அங்குலம். கனத்த ஓசை பக்கவாட்டில் போய்விடாதா என்று கேட்பீர்கள். விநாடிக்கு 50 அதிர்வு உள்ள ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அவ்வளவு நீள அலைக்கு இந்தப் பெட்டி ஒரு கூழாங்கல் மாதிரி. அதைச் சுற்றிக்கொண்டு எல்லாத் திசையிலும் பரவிவிடும். கீச்சு ஓசையின் அலைநீளமோ சில சென்டிமீட்டர்தான். ஆகவே அது மட்டும் உங்களைப் பார்த்திருந்தால் போதும்.

பக்கவாட்டில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. துப்பாக்கி சுட்டால் தோளில் உதைக்கும் என்று நியூட்டனின் மூன்றாம் விதியில் படித்திருப்பீர்கள். ஊஃபர் கூம்பு வெளியே பாயும்போது பெட்டியையும் அப்படியே உதைக்கிறது. எதிர் எதிர்ப் பக்கங்களில் இரண்டு ஊஃபர்கள் முதுகோடு முதுகு வைத்து ஒரே நேரத்தில் பாய்ந்தால், இந்தப் பக்க உதையும் அந்தப் பக்க உதையும் சமமாகிப் பெட்டி அசையாமல் நிற்கும். இன்று பல நாடுகளில் வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்கிறவர்கள் இதே அமைப்பில் மரப்பலகையை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை வீட்டில் பாட்டு ஓடும்போது, ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையில் குறுகுறு என்று தெரிந்தால், உள்ளே பெட்டியும் கூடப் பாடுகிறது என்று அர்த்தம்.